சாமிக்குக் காது வந்தது

அந்தக் கத்தோலிக்கப் பங்கின் சாமியாருக்குக் காது கேட்காது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாமியாருக்குத்தான் தெரியாது. முன்பெல்லாம் மனிதர்கள் வாயைத் திறந்து பேசினார்கள், இப்போது எல்லோரும் முணுமுணுக்கிறார்கள், காலம் கெட்டுவிட்டது என்று அவர் வருந்திக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலையானால், ஜனங்கள் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் போய் உட்காருவார். மரச்சல்லடைக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் முழங்காலிடும். உதடு அசையும். நிழல் தலையைக் குனிந்ததும் சாமியார் ஒரு பெருமூச்சு விட்டு, "பரவாயில்ல, கடவுள் பெரிய மனசுக்காரர். அருள்நிறைந்த மரியே மூணு தடவை சொல்லு. இனிமே செய்யாத" என்பார். பக்கத்து வீட்டு நாயைக் கல்லால் அடித்தவனுக்கும் அதுதான் பரிகாரம், பக்கத்து வீட்டுக்காரனையே அடித்தவனுக்கும் அதுதான்.

செவிடன் காதில் ஊதிய சங்கு வீண் என்று யாரோ விவரம் தெரியாமல் சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கை ஊத ஜனங்கள் பஸ் பிடித்து வந்தார்கள். சுற்றுவட்டாரப் பங்குகளில் எல்லாம் இளம் சாமியார்கள். படித்தவர்கள், காது கூர்மையானவர்கள். எப்போது, எத்தனை முறை, அதற்கப்புறம் என்ன செய்தாய் என்று தோண்டித் துருவுகிறவர்கள். இங்கே அந்த வம்பு இல்லை. வரிசை கோயில் கதவைத் தாண்டிப் படிவரை நிற்கும். இவ்வளவு பாவ உணர்வுள்ள ஒரு பங்கைத் தான் கண்டதே இல்லை என்று அந்த வட்டாரப் பங்குகளுக்கெல்லாம் தலைவரான ஆயர் ஒரு கூட்டத்தில் பாராட்டிப் பேசினார். பாவிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வரிசையில் எப்போதும் இரண்டாவதாக நிற்பவர் மருந்துக்கடைக்காரர். அவர் பங்குப் பேரவையின் தலைவர். தலைவர் முதலில் நின்றால் பாவம் அதிகம் என்று நினைத்துவிடுவார்கள், கடைசியில் நின்றால் பக்தி குறைவு என்று நினைத்துவிடுவார்கள். அதனால் இரண்டாவது. ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு" என்று அவர் தணிந்த குரலில் சொல்லி மாத்திரையை நீட்டினால் பாதி நோய் அங்கேயே போய்விடும் என்பார்கள். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

அவர் கடைக்கு நேர் எதிரே, தெருவின் மறுபக்கம், அவருடைய தம்பி மின்விசிறி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. தம்பி காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது, "இந்த வாசல மிதிக்காத" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவனும் மிதிக்கவில்லை. பின்னால் அம்மா படுத்த படுக்கையானபோது அண்ணன்தான் இரண்டு வருஷம் தூக்கி, கழுவி, ஊட்டிப் பார்த்துக்கொண்டார். அவள் இறந்த அன்று தம்பி தகவல் தெரிந்து ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூடியிருந்தவர்கள் முன்னால் அண்ணன் தணிந்த குரலில் சொன்னார்: "ஃபோன் மேல ஃபோன் பண்ணேன். அவன் எடுக்கல."

"எனக்கு ஃபோன் வரவே இல்ல" என்றான் தம்பி. யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து ஊரில் அவன் பெயர் 'பெத்தவளுக்கே வராதவன்' என்று ஆகிவிட்டது.

உண்மையில் அண்ணன் ஃபோனைக் கையில் எடுக்கவே இல்லை. அந்தப் பாவத்தைத்தான் அவர் மாதாமாதம் கூண்டில் வந்து முணுமுணுப்பார். சாமியார் பெருமூச்சு விடுவார். மூன்று மரியே சொல்லிவிட்டு, முடிவெட்டிக்கொண்டவர் போலக் கழுத்தைத் தடவிக்கொண்டு, காற்றாட வெளியே வருவார். முடியைப் போலவே அதுவும் ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும். மறுபடி வந்து வெட்டிக்கொள்வார்.

இப்படி எல்லாம் சௌக்கியமாகப் போய்க்கொண்டிருந்தபோது சாமியாரின் அக்கா வந்து சேர்ந்தாள். அவள் வேறொரு ஊரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சாப்பாட்டு மேசையில், "உப்பு எடு" என்றாள். சாமியார், "அவங்க நல்லாத்தான் இருக்காங்க" என்றார். மறுநாள் காலையிலேயே அவரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. ஊர்க்காரங்கதான் சத்தமாப் பேசறதில்ல."

"டாக்டரும் அப்படித்தான் பேசறாரா? வாய மூடிட்டு உக்காரு."

அவரைக்கொட்டை அளவில், தோல் நிறத்தில் ஒரு கருவி. காதுக்குப் பின்னால் நரைமுடிக்குள் மறைந்துகொண்டது. அதற்கு ஒரு பேட்டரி, சட்டைப் பொத்தான் மாதிரி. ஒரு வாரம் ஓடும், பிறகு மாற்றவேண்டும். சாமியாருக்கு அதைப் போடவும் எடுக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டு, கைவசம் இருந்த சில பேட்டரிகளையும் கொடுத்துவிட்டு அக்கா ஊருக்குத் திரும்பினாள்.

சாமியார் சமையலறைக் குழாய் சொட்டுவதைக் கேட்டார். கோயில் கூரையில் புறா குடும்பம் நடத்துவதைக் கேட்டார். ஊரார் திருந்தி மறுபடி வாயைத் திறந்து பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று சந்தோஷமாக அந்தச் சனிக்கிழமை கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். கருவி இருப்பது வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

முதலில் போனவர் ரொட்டிக்கடைக்காரர். உள்ளே நடந்ததை அவரே பிற்பாடு சொன்னதால்தான் இது நமக்குத் தெரியும். நேற்றைய ரொட்டியைச் சூடுபண்ணி இன்றைய ரொட்டி என்று விற்கிறேன் சாமி என்று வழக்கம்போல் முணுமுணுத்துவிட்டுத் தலையைக் குனிந்தார்.

"நேத்து ரொட்டியா?" என்றது உள்ளிருந்து குரல்.

ரொட்டிக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்கும் அதத்தான் குடுத்தியா?"

"உங்களுக்குத்தான் சாமி அதிகமா. நீங்க ஒண்ணும் சொல்லமாட்டீங்களேன்னு."

அவர் வெளியே வந்தபோது முகம் அடுப்பு மாதிரி இருந்தது. பின்னால் நிற்பவர்களை எச்சரித்திருக்கலாம். ஆனால் எச்சரித்தால் 'சாமி உன்கிட்ட என்ன கேட்டார்' என்று கேட்பார்கள். பேசாமல் தூரத்துப் பெஞ்சில் போய் முகத்தை மூடிக்கொண்டு முழங்காலிட்டார். எவ்வளவு உருக்கம் பாருங்கள் என்று மருந்துக்கடைக்காரர் மனதுக்குள் மெச்சிக்கொண்டே கூண்டுக்குள் நுழைந்தார்.

"அம்மா சாகறப்ப தம்பிக்குச் சொல்லல சாமி. ஃபோன் பண்ணேன், எடுக்கலன்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

தலையைக் குனிந்து பெருமூச்சுக்காகக் காத்திருந்தார். பெருமூச்சு வரவில்லை.

"உங்கம்மா செத்து ரொம்ப வருஷம் ஆச்சே" என்றார் சாமியார். "இத இப்பத்தான் சொல்றியா?"

"மாசாமாசம் உங்ககிட்டதான் சாமி சொல்றேன்."

ஊரார் முணுமுணுத்த வருஷங்களெல்லாம் அப்போதுதான் சாமியாருக்கு வேறு மாதிரி விளங்கத் தொடங்கின.

"நான் என்ன சொன்னேன்?"

"பரவாயில்லன்னு சொன்னீங்க."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா சாமி."

சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா கடைசில அவனக் கேட்டாங்களா?"

சல்லடைக்கு அந்தப் பக்கம் நிழல் தலையசைத்தது.

"என்ன சொல்லிக் கேட்டாங்க?"

மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார். முழங்கால் பலகையில் இடித்துக்கொண்டது. "பரவாயில்லன்னு நான் சொன்னது தப்புப்பா" என்றது சல்லடைக்குப் பின்னாலிருந்து குரல். "தம்பிகிட்ட போய்ச் சொல்லு. யார்கிட்டல்லாம் பொய் சொன்னியோ அவங்களுக்கும் சொல்லு. அப்புறம் வா."

தலைவரின் முகத்தைப் பார்த்ததும் வரிசைக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒருவருக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. இன்னொருவர் வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். சாமியார் கூண்டுக்குள் தனியே உட்கார்ந்து புறாக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பங்குப் பேரவை அவசரமாகக் கூடியது. முதல் கேள்வியை எழுப்பியவர் பள்ளித் தலைமையாசிரியை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் நின்று பேசுவது போலவே இருக்கும் அவருக்குப் பிரம்பு டீச்சர் என்று பெயர்.

"இவ்வளவு வருஷம் சாமி குடுத்த மன்னிப்பு செல்லுமா, செல்லாதா? செல்லாதுன்னா எல்லாத்தையும் மறுபடி மொதல்ல இருந்து சொல்லணும்."

அறையில் ஒரு நடுக்கம் ஓடியது.

"சாமிக்குக் கேக்கலன்னாலும் கடவுளுக்குக் கேட்டிருக்குமில்ல?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"அப்படின்னா கடவுள்கிட்டயே நேராச் சொல்லியிருக்கலாமே" என்றார் மூலையில் இருந்த ஒருவர். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் பார்வை தாங்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

செல்லும் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. அடுத்ததாக, சாமியாருக்கு வயதாகிவிட்டது, அவருக்கு ஓய்வு தேவை என்று எல்லோருக்கும் திடீரென்று இரக்கம் பிறந்தது. தலைவர் தலைமையில் ஒரு குழு ஆயரைப் பார்க்கப் போனது. ஆயர் பொறுமையாகக் கேட்டார்.

"கேள்வி கேக்கறாராம். அப்படியா?"

"ஆமாங்க ஆண்டவரே. எல்லாத்தையும் காதுல வாங்கிக்கறாரு."

"உங்க சாமிக்குக் காது கேக்குதுன்னு என்கிட்ட புகார் சொல்ல வந்திருக்கீங்களா?"

வைத்திருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

பேரவையால் முடியாததைப் பேட்டரி செய்தது. அக்கா கொடுத்துவிட்டுப் போன பேட்டரிகள் தீர்ந்தன. புதிது வாங்கக் கோயில்பிள்ளை மருந்துக்கடைக்கு வந்தார். கோயிலைக் கூட்டி, மணியடித்து, சாமியாருக்குக் கடைகண்ணிக்குப் போய்வருகிற மனிதர். ஊரில் இருந்தது அந்த ஒரு மருந்துக்கடைதான்.

"ஸ்டாக் இல்லையே" என்றார் மருந்துக்கடைக்காரர் தணிந்த குரலில். பேட்டரிப் பெட்டி அவர் கைக்குக் கீழே இழுப்பறையில் இருந்தது. "கம்பெனிலயே தட்டுப்பாடாம்." இந்தப் பொய்யையும் அடுத்த தடவை சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று மனதில் முடிந்துவைத்துக்கொண்டார்.

கோயில்பிள்ளை அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். தட்டுப்பாடு தீரவில்லை. சாமியார் தன் காதுக்காகப் பட்டணத்துக்கு ஆள் அனுப்புகிற மனிதர் இல்லை. அவருக்கு ஊரார் மறுபடி முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கேட்காத பாவத்துக்கு வேறென்ன சொல்வது என்று தெரியாமல் அவரும் பழைய 'பரவாயில்ல'வுக்கே திரும்பினார். செய்தி பரவியது. பஸ்கள் நிறைந்து வந்தன. ரொட்டிக்கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் பழைய ரொட்டியை அடுப்பில் ஏற்றினார்.

மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் பழைய நிம்மதி திரும்பவில்லை. அம்மா என்ன சொல்லிக் கேட்டாள் என்று அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது மாத்திரையை உறையில் போடும்போது அந்தக் குரல் கேட்டது, கடையைப் பூட்டும்போது கேட்டது. வயிற்றுவலிக்கு வந்தவளுக்கு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தார்; "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று அவளே திருப்பிக் கொடுத்தாள். எதிர்க்கடையில் தம்பி குனிந்து எதையோ திருகிக்கொண்டிருப்பது கண்ணாடிக்கு வெளியே எந்நேரமும் தெரிந்தது.

சனிக்கிழமை வந்தது. வழக்கம்போல் இரண்டாவதாக நின்று உள்ளே போனார். சொன்னார். தலையைக் குனிந்தார். பெருமூச்சு வந்தது.

"பரவாயில்ல. கடவுள் பெரிய மனசுக்காரர்."

அவர் எழுந்திருக்கவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்தார். பாரம் அப்படியே இருந்தது.

"சாமி, நீங்க அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்க."

"மூணு தடவை சொல்லு, போதும்."

"அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்க."

"இனிமே செய்யாத."

"கேளுங்க சாமி" என்றார். குரல் சற்று உயர்ந்திருந்தது.

நிழல் எழுந்து போகாதது சாமியாருக்கு வியப்பாக இருந்தது. காதைச் சல்லடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "என்னப்பா? கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

அந்த மனிதர் வாழ்நாளில் முதல் முறையாகக் கத்தினார்.

"சின்னவன் வந்துட்டானா, கதவத் திறன்னாங்க சாமி. நான் கதவத் திறந்து பாத்துட்டு யாரும் இல்லம்மான்னேன். மறுபடியும் மறுபடியும் அதையே கேட்டாங்க. கோவமெல்லாம் போச்சு, வரச்சொல்லுன்னாங்க. ரெண்டு வருஷம் நான் பாத்தேன். கடைசில ஒரு தடவை எம்பேரச் சொல்லல. அந்த ஆத்திரத்துல நான் ஃபோனத் தொடவே இல்ல. அவன் மேல தப்பே இல்ல சாமி."

உயர்ந்த கூரை. ஒவ்வொரு சொல்லும் மேலே போய் மோதி இரண்டிரண்டாகக் கீழே இறங்கியது. புறாக்கள் பறந்துபோயின.

வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் சுவரில் இருந்த புனிதர்களின் படங்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கியது. கூண்டுக்குள் சாமியார், "இப்பக் கேட்டுச்சு" என்றார். காது கேளாதவர் என்பதால் அவர் குரலும் கோயில் முழுக்கக் கேட்டது. "இத இங்க சொல்லி என்னப்பா பண்ண? அவன்கிட்ட சொல்லு."

"சொல்றேன் சாமி."

"எப்ப?"

"இப்பவே போறேன்."

சாமியார் கையை உயர்த்தி மன்னிப்பு கொடுத்தார்.

மருந்துக்கடைக்காரர் வெளியே வந்தபோது வரிசையின் கடைசியில் தம்பியின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவரை ஒரு நொடி பார்த்தாள். தன் பாவத்தைச் சொல்ல நிற்காமல் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

"பாவசங்கீர்த்தனத்தத் தற்செயலாக் கேட்டவங்களும் ரகசியம் காக்கணும்" என்று பிரம்பு டீச்சர் வரிசையைப் பார்த்து அறிவித்தார். "அது திருச்சபைச் சட்டம்."

எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். சட்டம் கோயில் வாசல்வரை நின்றது. மருந்துக்கடைக்காரர் மூன்று மரியே சொல்லி முடிப்பதற்குள் ரொட்டிக்கடையில் விஷயம் வெந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் தம்பியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியுமே, அப்படிப்பட்ட பிள்ளையா அவன், நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள். எப்போது, யாரிடம் சொன்னார்கள் என்று கேட்க அங்கே இளம் சாமியார் யாரும் இல்லை.

மருந்துக்கடைக்காரர் முதலில் தன் கடைக்குப் போனார். இழுப்பறையைத் திறந்து பேட்டரிப் பெட்டியை எடுத்து, தெருவில் போன கோயில்பிள்ளையைக் கூப்பிட்டுக் கையில் வைத்தார்.

"ஸ்டாக் வந்துருச்சா?" என்றார் கோயில்பிள்ளை.

"இங்கதான் இருந்துச்சு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் வரிசை கோயில் கதவைக்கூட எட்டவில்லை. ஆயரின் பாராட்டு மறு வருஷம் வேறொரு பங்குக்குப் போனது. அங்கிருக்கும் சாமியாருக்கு உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்று பேச்சு. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்காரர் தெருவைக் கடந்தார். தம்பி ஒரு மின்விசிறியைப் பிரித்துப்போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி உள்கதவில் சாய்ந்து நின்றாள். அழுதிருந்தாள்.

"தெரியும்" என்றான் தம்பி நிமிராமல். "இவ வந்து சொல்லிட்டா."

"நான் சொல்லணும்டா."

"சொல்லு."

சொன்னார். கோயிலில் கத்தியது இங்கே தணிந்த குரலில்தான் வந்தது. அவன் கையில் இருந்த திருப்புளி நின்றுவிட்டது.

"கோவம் போச்சுன்னு சொன்னாங்களா? அவங்க வாயாலயா?"

"ஆமா."

"நான் அன்னைக்கு இங்கதான் இருந்தேன். இதே இடத்துல. ஃபோன் அடிச்சிருந்தா கேட்டிருக்கும்."

அவர் கூண்டில் குனிவதுபோல் தலையைக் குனிந்தார்.

"அம்மா என்ன வெறுத்துட்டே போயிட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். இவ்வளவு வருஷமும்."

"மன்னிச்சிருடா."

"சாமி மன்னிச்சாச்சுல்ல?"

"ஆச்சு."

"அப்ப அத வெச்சுச் சமாளி. என்கிட்ட இப்போதைக்கு இல்ல."

அண்ணன் தலையசைத்தார். திரும்பிப் போகத்தான் அடியெடுத்தார். தம்பி காலால் ஒரு முக்காலியை அவர் பக்கம் தள்ளினான்.

"உக்காரு. அந்த ரெண்டு வருஷத்தையும் சொல்லு. என்ன சாப்பிட்டாங்க, என்ன பேசுனாங்க, எதுக்குச் சிரிச்சாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. எதையும் விடாமச் சொல்லு."

அவர் உட்கார்ந்தார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், முதல் நாள் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தபோது 'உன் எலும்பு குத்துதுடா' என்று அவள் திட்டியதிலிருந்து தொடங்கினார். தம்பியின் மனைவி இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

எதிரே மருந்துக்கடை திறந்து கிடந்தது. ரத்த அழுத்த மாத்திரைக்கு வந்த பிரம்பு டீச்சர் வாசலில் நின்று தெருவின் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரரும் வந்து சேர்ந்துகொண்டார். இருவரும் தலையைச் சாய்த்து எவ்வளவு காதைத் தீட்டிக்கொண்டாலும், இங்கே பேசியது ஒரு சொல்கூட அங்கே போய்ச் சேரவில்லை.